பெரிய எழுத்தும் பொடி எழுத்தும்

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



வெயில் காலத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மயக்கம். தறிக்கூடத்திலே நிற்கிறவர்களுக்கு வியர்வை. வீட்டிலே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. உடனே மருந்துக் கடைக்கு ஓடி, "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் கொடுத்தது என்ன என்று பார்க்கிறோமா?

நானும் பார்த்ததில்லை. 2023-ம் வருஷ வெயிலில் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. 40 ரூபாய் கொடுத்து, ஆரஞ்சுப் பழப் படம் போட்ட அட்டை டப்பா ஒன்றை வாங்கி வந்தேன். அந்த மூன்று எழுத்தும் அதிலே பெரிதாக இருந்தன. பிள்ளை ருசித்துக் குடித்தாள், போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தைக் காட்டினார். இது உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்யும் ஓ.ஆர்.எஸ். அல்ல என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பெரிய எழுத்தில் 'ஆம்', பொடி எழுத்தில் 'இல்லை'! எஸ்.எஸ்.எல்.சி. படித்த நானே ஏமாந்தேன். கைநாட்டு வைக்கும் தாய் என்ன செய்வாள்?

ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்தபோது, எல்லையிலுள்ள பன்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து வாய் வழியே கொடுக்கச் செய்தார். சொந்தபந்தங்களே புகட்டினார்கள். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. ஏழைகளின் உயிரைக் காத்துப் பெற்ற பெயர் அது. அதைத்தான் சர்க்கரைத் தண்ணீர் டப்பாவின் மேலே ஒட்டினார்கள்.

கணக்கைப் பாருங்கள். சரியான பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அதிலே குளுக்கோஸ் 13.5 கிராம்தான், மற்றது உப்பு வகைகள். டப்பாவின் பின்புறம் '100 மில்லிக்கு சர்க்கரை 11 கிராம்' என்றிருந்தால், 200 மில்லி டப்பாவில் 22 கிராம். ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தால் ஐந்தரை ஸ்பூன்! அதே 200 மில்லி ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 2.7 கிராமே. சர்க்கரை மிஞ்சினால் உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். பேதி குறையாது, கூடும்.

ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து சுமார் 8 வருஷம் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022 ஜூலையில், பொடி எழுத்தில் மறுப்புப் போட்டால் போதும் என்று அனுமதித்தது. கடைசியில் 2025 அக்டோபர் 14-ந் தேதி அந்த அனுமதியை வாபஸ் வாங்கிற்று. பானத்தின் பெயரிலே முன்னாலோ பின்னாலோ எதைச் சேர்த்தாலும் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்பது உத்தரவு. ஒரு டாக்டரம்மாள் தனியாக நின்று சாதித்தது இவ்வளவு! ஆனால் எழுத்துதான் போயிற்று; சரக்கு வேறு பெயரில் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. லேபில் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது 2020-ம் வருஷ விதி. மற்ற மொழியும் போடலாம், கட்டாயமில்லை. நம் காசு வேண்டும், நம் பாஷை வேண்டாமா? சிலி நாட்டிலே 2016 முதல், சர்க்கரை மிகுந்த பண்டத்தின் முகத்திலேயே எட்டு மூலைக் கறுப்பு முத்திரை குத்துகிறார்கள். படிக்காதவனுக்கும் அது தெரியும். இங்கே தமிழில் போடு என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அதுவரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால், மூத்திரம் போகாவிட்டால், காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டில் டப்பா, பாட்டில் எது கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். நம் பிள்ளைகளை வைத்துப் பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.