மூலத்தோடு சண்டையிடும் தழுவல்கள்: ஆஃப்ரிகான்ஸ் கதையும் குறுநாடகமும்



ஆஃப்ரிகான்ஸ் என்றதும் பலருக்கும் நினைவு வருவது 1976 ஜூன் 16. பள்ளிகளில் அம்மொழியைத் திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போன தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ மாணவர்களைப் போலீஸ் சுட்டது. அந்தக் கறையை மூடிவைத்துவிட்டு அம்மொழியின் இலக்கியத்தைப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அது வெள்ளையர் மட்டும் வளர்த்த மொழியும் அல்ல. கோய் பழங்குடி மக்களும், ஜாவா, வங்கம், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து டச்சுக் கம்பெனி கப்பலேற்றிய அடிமைகளும் கேப் பகுதியின் சமையற்கட்டுகளில் பேசிப் பேசி உருவாக்கியது. கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். 1925இல் அது ஆட்சிமொழியானபோது உரிமைப் பத்திரம் ஒரு சாரார் கைக்குப் போனது. யாருடைய கதையை யார் சொல்கிறார் என்ற கேள்வி அதனால்தான் அங்கே ஓயவே இல்லை.

யூஜீன் மாரேயிடமிருந்து தொடங்குகிறேன். வழக்கறிஞர், கவிஞர், கறையான்களையும் பபூன் குரங்குகளையும் பல ஆண்டுகள் கவனித்தவர். 'ட்வால்ஸ்டோரிஸ்' கதைகளை 1921இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் எழுதினார். 1927இல் அவை நூலாயின. ஹென்ட்ரிக் என்ற முதிய சான் பழங்குடிக் கதைசொல்லியிடம் கேட்டவை என்று அவரே சொல்லியிருக்கிறார். வாய்மொழி அச்சேறியதை ஒரு தழுவலாகவே நான் பார்க்கிறேன். இதில் கிழவரின் பங்கு எவ்வளவு, மாரேயின் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரிக்க வழியில்லை. நூலாசிரியர் என்று நிற்பது மாரேயின் பெயர்.

அடுத்து வானொலி. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் முறையாக வந்தது. அரசு அதைக் கண்டு அஞ்சி வெகுகாலம் தள்ளிப்போட்டது. அந்த அச்சத்தால் ஆதாயம் அடைந்தது வானொலி நாடகம். எழுத்தாளர் கிறிஸ் பார்னார்டின் 'லாஃப்ராஸ் ஃபெர்வேயின் கலகம்' அப்படிப் பிறந்தது. எல்லோரும் ஏளனம் செய்யும் ஓர் அரசாங்க குமாஸ்தா, தான் ஏதோ புரட்சிப் படையின் வீரன் என்று நம்பிக்கொண்டு பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உள்ளே இருப்பது போதைப்பொருள். அந்தப் படை அவன் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. இதற்கு வானொலியை விடப் பொருத்தமான மேடை கிடையாது: காதுக்கு நிஜமும் கற்பனையும் ஒன்றுதான். பின்னர் இது மேடைக்கும், 2017இல் சைமன் பார்னார்ட் இயக்கத்தில் திரைக்கும் போனது. திரையில் அவனுடைய கனவைக் காட்டித்தான் ஆகவேண்டும். காட்டியதும் நாம் அவனை விட விவரமானவர்களாகிவிடுகிறோம். என் ஓட்டு வானொலிக்கே.

நான் நின்று பேச விரும்புவது நாடகாசிரியர் ரேசா டி வெட் பற்றி. 1952இல் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் செனகால் என்ற சிற்றூரில் பிறந்தவர், 2012இல் மறைந்தார். அவர் தலைமுறைப் பிள்ளைகள் படித்து வளர்ந்த புத்தகம், அல்பா பௌவர் எழுதிய 'ரிஃபிர்ப்ளாஸ் கதைகள்' (1955). ஃப்ரீ ஸ்டேட் பண்ணை, ஆலி என்ற சிறுமி, அவளைச் சீராட்டும் கறுப்பினத் தாதி மெலிட்டி. குறையே இல்லாத பால்யம். அந்த இன்பப் பண்ணையை எடுத்து, 1980களின் நடுவில், அந்நாட்டின் நெருக்கடி நிலைக் காலத்தில், ரேசா 'டீப க்ரோன்ட்' என்ற நாடகமாக்கினார். ஆழமான மண் என்று பொருள். பாழடைந்த பண்ணைவீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் இன்னும் பிள்ளை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாதி அலினா கூடவே இருக்கிறாள். பெற்றோரை அவர்களே கொன்றிருக்கிறார்கள். சொத்து விவகாரம் விசாரிக்க நகரத்திலிருந்து வரும் வழக்கறிஞர் உயிரோடு திரும்புவதில்லை.

ரேசா பௌவரைக் கேலி செய்யவில்லை என்பது என் கட்சி. அந்தப் புத்தகத்தின் இனிமை அவர் நாடகத்தில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. பள்ளி ஆண்டுவிழாக்களில் நாம் பார்க்கும், கதையை வசனமாகப் பிரித்துக் கொடுக்கும் தழுவல் இதன் பக்கத்தில் வெறும் பிரதியெடுப்பு.

தன் நாடகங்களை ரேசாவே ஆங்கிலத்தில் திரும்ப எழுதினார். 'டீப க்ரோன்ட்', 'ஆஃப்ரிக்கன் காதிக்' ஆனது. 2014இல் அப்பெயரிலேயே படமும் வந்தது. 'மிஸ்', 'மிராகெல்', 'ட்ரிஃப்' மூன்றும் 1993இல் ஒரே தொகுப்பாக வந்தன. 'மிராகெல்' நாடகத்தில், 1930களின் பஞ்ச காலத்தில் ஊர் ஊராக அலையும் நாடகக் குழு ஒன்று இடைக்காலத்து 'எவ்ரிமேன்' நாடகத்தை நடத்துகிறது. தழுவலே கதைப்பொருள். 'மிஸ்' இன்னும் இறுக்கமானது: ஊருக்கு சர்க்கஸ் வரும்போதெல்லாம் ஓர் இளம்பெண் காணாமல் போகிறாள், மூன்று பெண்கள் இருக்கும் வீட்டுக்கு ஓர் இரவு காவலுக்கு வரும் போலீஸ்காரர் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மிஸ்' நாடகத்துக்கு ஓர் அறையும் நான்கு நடிகர்களும், மேலறையில் முகம் காட்டாத ஒருவரும் போதும். ஆங்கில வடிவத்தைப் படியுங்கள். அடுத்த கல்லூரி விழாவுக்கு அதைத் தமிழில் போடுங்கள்; போடும்போது ரேசாவோடும் கொஞ்சம் சண்டை போடுங்கள்.