வாசலில் வைத்த விளக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தன் ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். புலவர்களைப் போல் பேச வராது. கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தமக்கையார் இக்குடியிருப்பில் நெடுநாளாக வாழ்கிறார். முன்பொருமுறை கார்த்திகைத் திருநாளன்று நான் இங்கு வந்திருந்தபோது, அகல் விளக்குகள் யாவும் வீட்டின் பின்புறத்தில், துணி உலர்த்துமிடத்தில் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. வாசலோ இருண்டு கிடந்தது. காரணம் கேட்டேன். "தீபாவளிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு விளக்கு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், மாமா, எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை" என்றாள் தமக்கை மகள். நானும் அன்று விடை சொல்லவில்லை.

அதன்பின் ஒரு டிசம்பர் மாதம், உறவினர் இல்லத் திருமணத்திற்காக மும்பை மாட்டுங்காவுக்குச் சென்றேன். மாலையில் கேட்வே ஆஃப் இந்தியாவைக் காணப் போனபோது, அதன் எதிரே ஆளுயரத்திற்கு மேற்பட்ட கிளைவிளக்கு ஒன்று நின்றது. யூதர்களின் ஹனுக்கா விழா அது. காவலர் பையைச் சோதித்து என்னையும் உள்ளே விட்டனர். அருகில் நின்ற முதியவர் கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரவேலர் சமூகத்தவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் உத்தியோகத்தைக் கேட்டறிந்ததும் பழைய நண்பரைப் போல் இந்தியில் பேசத் தொடங்கினார். நாம் சீட்டு எழுதிக் கொடுக்கும் மஸ்ஜித் நிலையம் இருக்கிறதே, அப்பெயரே 1796இல் அங்கு எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தால் வந்ததென்பர் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன்!

கி.மு. 164ஆம் ஆண்டளவில், அந்தியோக்கஸ் மன்னனின் படையினரிடமிருந்து யூதா மக்கபேயு என்பவர் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்தார். ஒரு நாளுக்கே போதுமாயிருந்த எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்தது என்பது அவர்தம் மரபு. எனவே முதல் நாள் ஒரு சுடர், மறுநாள் இரண்டு என்று எட்டு நாட்கள் ஏற்றுகிறார்கள். ஒன்பதாவதாக நிற்பது ஏவல் விளக்கு. மற்றவற்றை ஏற்றுவதே அதன் பணி. நம் கார்த்திகை முழுநிலா நாளில் வருகிறது. அவர்கள் விழாவோ தேய்பிறையின் கடைசி நாட்களில் தொடங்கி அமாவாசையைக் கடந்து செல்கிறது.

முதியவர் மேலும் ஒன்று சொன்னார். அவருடைய முன்னோர் அலிபாகை அடுத்த நவகாவ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் என்பது அவர்கள் வழிவழிச் செய்தி. ஹனுக்கா தோன்றுமுன்பே தாயகம் விட்டவர்களாதலால் அவ்விழாவையே அவர்கள் அறியார் என்பர். செக்காட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று பெயர் பெற்றவர்கள் அவர்கள். எண்ணெய் ஆட்டியவர்களுக்கே எண்ணெய்த் திருநாள் தெரியாதிருந்த விந்தையைப் பாருங்கள்! பிற்காலத்தில் பிறரிடம் கேட்டுக் கற்றார்கள். "தெரியாதிருந்ததில் வெட்கமில்லை, கேட்டுக்கொண்டோம்" என்று அவர் சிரித்தார். எனக்குத் தமக்கை மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

இந்த விளக்கைத் தெருவிலிருந்து தெரியும்படி வாசலிலோ சாளரத்திலோ வைக்க வேண்டும் என்பது அவர்கள் நூல் விதி. அபாயக் காலமாயின் வீட்டினுள் மேசைமீது வைத்தாலே போதும் என்றும் அதே விதி கூறுகிறது. அபாயத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். 2008 நவம்பர் 26 இரவு, மும்பை இரயில் முனையத்தில் பயணிகள் சுடப்பட்டனர். அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஒலிபெருக்கியைவிட்டு அகலாமல் மக்களை வெளியேறச் சொல்லிப் பலரைக் காத்தார். அதே தாக்குதலில் கொலாபாவின் நரிமன் இல்லத்தில் ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டனர். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை மோஷேயை எடுத்துக்கொண்டு ஓடியவர் செவிலித் தாயான சாண்ட்ரா சாமுவேல் என்னும் இந்தியப் பெண்மணி. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னி நகரப் போண்டைக் கடற்கரையில் இதே ஹனுக்கா விழாவில் 15 உயிர்கள் பறிபோயின. அங்கும் துப்பாக்கியைப் பறித்தவர் அகமது அல் அகமது என்னும் பழக்கடைக்காரர்.

வாசலில் விளக்கு வைப்பவன் அயலார் மேல் நம்பிக்கை வைக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் மண்ணில் இது புதிதன்று. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், முயிரிக்கோட்டிலிருந்து யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேடு வழங்கினார். தமிழறிந்தவர் தடுமாறியேனும் பொருள் காணக்கூடிய மொழி அது. குடை, தோரணம் முதலான உரிமைகளோடு 'பகல்விளக்கு' என்பதும் அதில் இருக்கிறது. பகலில் விளக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். பத்துப்பேர் காண மரியாதையோடு நடந்து செல்வதற்கு என்பது என் கருத்து. வேற்று நாட்டவனுக்கு அதை அளித்தவன் சேரன்.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய இப்போர்ட் பிளேரில் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சி மக்களும் நம் அடுத்த வீட்டார். நமக்கு இங்கே அபாயம் ஏதுமில்லை, கூச்சம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டால், திருவண்ணாமலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றும் நாள் இது என்று சொல்லலாம். சொல்லிவிட்டுக் கையில் ஒரு பொரியுருண்டையும் கொடுக்கலாம். மும்பையில் எனக்கு அன்று எண்ணெயில் பொரித்த இனிப்பு கொடுத்தார்கள். கொஞ்சம் திகட்டியது, ஆயினும் முழுவதும் தின்றேன்.

அகல் விளக்குகள் எங்கே என்று நேற்றுத் தமக்கையாரைக் கேட்டேன். பரண்மேல் என்றார். இறக்கித் துடைத்து, முன்வாசல் திண்ணையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறேன்.