திருவுளச் சீட்டும் மருத்துவமும்

காச நோய்க்குத் தங்கம் மருந்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. நம் நாட்டுத் தங்க பஸ்பத்தைச் சொல்லவில்லை. 1920-களில் டென்மார்க்கில் தொடங்கி, மேனாடுகளின் மருத்துவமனைகள் பலவற்றில் தங்க உப்பு ஒன்றை ஊசி மூலம் நோயாளிகளுக்குச் செலுத்தி வந்தார்கள். பெரும் பெயர் பெற்ற மருத்துவர்களே அதை நம்பினார்கள். ஊசி போட்டார்கள், சிலர் தேறினார்கள், தேறியது ஊசியினாலேயே என்று முடிவு கட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மருந்தே இல்லாமல் சிலர் தேறுவதும், எல்லாச் சிகிச்சையும் பெற்றுச் சிலர் மாள்வதும் காச நோயின் இயல்பு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மருத்துவர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். 24 நோயாளிகளை ஒத்த இரு பிரிவுகளாக்கி, எந்தப் பிரிவுக்குத் தங்கம் என்பதை ஒரு காசைச் சுண்டித் தீர்மானித்தார்கள். அந்த ஆராய்ச்சியின் முடிவு 1931-இல் வெளியாயிற்று. தங்கம் பெற்றவர்கள் பயனடையவில்லை; அதன் நஞ்சினால் துன்பமே அடைந்தார்கள்.

அந்தக் காசுச் சுண்டல் அப்போது விதிவிலக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அது விதியாயிற்று. அந்த வரலாற்றில் லண்டன், சென்னை ஆகிய இரண்டு நகரங்களின் பங்கை மட்டும் மாணவ நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

1943-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசக் கிருமியைத் தாக்கவல்ல மருந்து என்று அது புகழ் பெற்றது. போரினால் செல்வம் இழந்திருந்த பிரிட்டனுக்கோ மிகச் சிறிதளவே கிடைத்தது. இருப்பதை யாருக்குக் கொடுப்பது? மூளைச் சவ்வைத் தாக்கும் காச நோய் போல், மரணத்தைத் தவிர வேறு முடிவில்லாத வகைகளுக்கு முதலில் கொடுப்பது என்றார்கள். எஞ்சிய மருந்து நுரையீரல் நோயாளிகள் எல்லோருக்கும் போதாது. இந்தப் பஞ்சத்தையே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு வாய்ப்பாகக் கொண்டது. எப்படியும் பலருக்கு மருந்து கிட்டப் போவதில்லை. ஆதலால் பெறுவோரையும் பெறாதோரையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று 1946-இல் முனைந்தது.

திட்டத்தை வகுத்தவர் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவம் படிக்க விரும்பியவரை, முதல் உலகப் போரின்போது பற்றிய காச நோய் நெடுநாள் படுக்கையில் கிடத்திற்று. பின்னர் அஞ்சல் வழியே பொருளாதாரம் கற்றுப் புள்ளியியலுக்கு வந்தார். நோயாளியைப் பார்த்த மருத்துவர் தம் விருப்பப்படி மருந்தை வழங்கினால், தேறக் கூடியவர்களையே அவர் மனம் அறியாமல் தேர்ந்தெடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எண் அட்டவணையின்படி ஒவ்வொருவர் முறையும் முன்னரே குறிக்கப்பட்டு, ஒட்டிய உறைகளில் வைக்கப்பட்டது. நோயாளி சேர்க்கப்பட்ட பின்னரே உறை பிரிக்கப்படும். நம் ஊரில் திருவுளச் சீட்டுப் போடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நிபுணர்களுக்கும், எந்தப் படம் எந்தப் பிரிவினருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை.

நோயாளிகள் 107 பேர். பெரும்பாலும் உங்கள் வயதினர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு திங்களில் மருந்து பெற்றவர்களுள் 4 பேரும், பெறாதவர்களுள் 14 பேரும் இறந்தனர். 1948 அக்டோபரில் இம்முடிவு வெளியானபோது மருந்தின் ஆற்றலைப் பற்றி ஐயம் எஞ்சவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. தேறியவர்கள் பலருக்கு நோய் திரும்பிற்று. மருந்தை எதிர்த்து வாழும் கிருமிகள் அவர்கள் உடலில் பெருகியிருந்தன. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தால் 55 பேரில் 32 பேரும், 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தனர். வெற்றி பெரிதும் கரைந்துவிட்டது! ஒப்பிட ஒரு பிரிவு இல்லாதிருந்தால், அது எவ்வளவு கரைந்தது என்பதைக்கூட அறிந்திருக்க இயலாது. அடுத்த ஆராய்ச்சியில் பி.ஏ.எஸ். என்னும் மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது, கிருமிகளின் எதிர்ப்பு வெகுவாகத் தடுக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. ஓய்வு மட்டும் பெற்ற அந்த 52 பேருக்கும், தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் இருப்பதே சொல்லப்படவில்லை. மருந்து இல்லாத காலத்தில் சீட்டுப் போட்டது அநீதி என்று நான் கருதவில்லை. செல்வாக்குள்ளவனுக்கு மருந்து போவதைவிட அது மேலானது. சொல்லாமல் விட்டது வேறு விஷயம். ஜெர்மானிய நாஜி மருத்துவர்கள் மீது நடந்த வழக்கின் தீர்ப்பு, ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் மனமார்ந்த இசைவு இன்றியமையாதது என்று 1947-லேயே கூறிவிட்டது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் அதை விரிவான பிரகடனமாக்கிற்று. இன்று நோயாளியின் இசைவு பெறாமல் அப்படியோர் ஆராய்ச்சியைத் தொடங்க ஒண்ணாது.

இனி நம் சென்னைக்கு வருவோம். சானடோரியம் என்பது அன்று காச நோயாளியின் ஒரே நம்பிக்கை. தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கே அப்பெயர் நிலைத்திருப்பதை அறிவீர்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை ஆகியவை இல்லாமல் இந்நோய் தீராது என்பது மருத்துவ உலகின் நெடுநாள் நம்பிக்கை. ஆயின் இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் எழுப்பிய வினா துணிச்சலானது: ஏழையின் நெருக்கமான குடிசையிலேயே இந்நோயைத் தீர்க்க முடியுமா? நகரின் வறிய நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுசாராரை வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். இருவர்க்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள், ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் இருந்தன. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது குறைவான உணவு. வேலை செய்யாமலும் பலருக்கு இயலாது. சானடோரியத்தார் உடல் எடை கூடுதலாகப் பெற்றது உண்மையே. கிருமியின் கணக்கோ வேறு விதமாக இருந்தது. 1959-இல் வெளியான அறிக்கைப்படி, நோய் அடங்கியவர்கள் வீட்டில் 100-க்கு 86, சானடோரியத்தில் 92. முன்னவர்கள் இருந்த நிலைமையை எண்ணிப் பார்த்தால், இந்த 86 தான் பெரிய எண் என்பேன்.

அப்படியானால் வீட்டிலிருந்த குழந்தைகளின் கதி? இதுவே எல்லோரையும் வாட்டிய அச்சம். இரு சாராரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள், மற்றக் குடும்பங்களைவிட மிகுதியாக இல்லை. சிகிச்சை தொடங்குமுன்பே பரவ வேண்டியது பரவியிருந்தது. தொடங்கியபின் மருந்தே பரவலைத் தடுத்தது. பல நாடுகளில் சானடோரியங்கள் தம் முதன்மையை இழந்து, வீட்டுச் சிகிச்சை பரவியதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெருங்காரணம்.

தொல்லை வேறோர் இடத்தில் இருந்தது. உடல் தேறியதும் மருந்தை நிறுத்துவது மனித இயல்பு, அதிலும் பி.ஏ.எஸ். விழுங்குவதற்கு எளிதானதன்று. ஆகவே நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தார்கள். பின்னர் இன்னொரு வழி கண்டார்கள். நாள்தோறும் வீட்டில் உண்பதற்குப் பதில், வாரம் இருமுறை நிலையத்துக்கு வந்து ஊழியர் கண்ணெதிரிலேயே மருந்து பெறுவது. அதனையும் வழக்கமான சிகிச்சையோடு சீட்டு முறையிலேயே ஒப்பிட்டு, பயனில் குறைவில்லை என்று 1964-இல் வெளியிட்டார்கள்.