செவி கேளாப் பிள்ளையும் வாசிப்பும்

பல ஆண்டுகளுக்கு முன் நான் அதிபராயிருந்த பாடசாலையில், இரண்டாம் வகுப்பிலே செவி கேளாத சிறுவன் ஒருவன் படித்தான். கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போலக் கொப்பியில் எழுதிவிடுவான். நன்றாக வாசிக்கிறான் என்றே நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் அவன் எழுதிய 'மாடு' என்ற சொல்லைக் காட்டி, மூன்று படங்களை முன்வைத்து, உரியதைத் தொடும்படி கையாற் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பின்னர் அச்சொல்லையே மீண்டும் அழகாக எழுதிக் காட்டினான். எழுத்து அவனுக்குக் கோலமாயிருந்ததேயன்றி மொழியாயிருக்கவில்லை. அது அவன் குற்றமன்று, எங்கள் குற்றம்.

கேட்கும் பிள்ளை பாடசாலைக்கு வரும்போதே மொழியோடு வருகிறது. வீட்டிலும் தெருவிலும் அது கேட்டுச் சேர்த்த சொற்களுக்கு ஆசிரியர் எழுத்துருக் காட்டுகிறார். செவி கேளாப் பிள்ளைக்கோ எழுத்துக்கு முன் மொழி வேண்டும்.

உதட்டசைவைப் பார்த்து அறியாதா என்பர் சிலர். கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒரேவிதமாகவே மூடித் திறக்கும். கண்ணுக்கு முழுமையாகத் தெரிவது சைகைமொழியே. 1880 ஆம் ஆண்டில் மிலான் நகரிற் கூடிய மாநாடு சைகையை விலக்கிப் பேச்சுமுறையையே வற்புறுத்தியது. சைகைமொழிக்கும் தனியமைப்பு உண்டென 1960 இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்டோக்கி எடுத்துக் காட்டினார். 2010 இல் வான்கூவர் மாநாடு அப்பழைய தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. கேட்டற் கருவி பயன்தருமாயின் அதையும் அணிவியுங்கள். சைகை பேச்சைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டா.

பெற்றோரே, குழந்தையின் செவிப்புலனை முதல் மாதங்களிலேயே சோதிப்பியுங்கள். வீட்டார் அனைவரும் சைகை பழகுங்கள். படப் புத்தகம் காட்டும்போது உங்கள் முகமும் கையும் தெரியுமாறு எதிரே அமருங்கள். பிள்ளை படத்தைப் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, நிமிர்ந்து பார்க்கும்போது சைகை செய்யுங்கள். ஒரே கண் இரண்டிடத்தைப் பார்க்க இயலாது. சந்தைக்குச் சென்று வந்தால், அன்று மாலையே அதைப் படமாக வரைந்து, கீழே ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'அம்மா தம்பியை அழைத்தார்', 'அம்மாவைத் தம்பி அழைத்தான்' என்பவற்றை நடித்துக் காட்டுங்கள். சிறிய 'ஐ' உருபு செய்யும் பெரிய வேலை அப்போது விளங்கும்.

1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும் கைதடி நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிள்ளைகளுக்காக அமைந்தவை. ஆயினும் முதற் பாடசாலை வீடே.

அச்சிறுவனின் தாயார் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரிடம் சைகை கற்றார். அடுத்த ஆண்டில் ஒருநாள், எதையும் பார்த்து எழுதாமல், 'மாடு ஓடியது' என்று அவன் எழுதி வந்து, வேலிப்பக்கம் கைகாட்டினான். எழுத்துக் கோணலாயிருந்தது. ஆயினும் அவன் எழுதியவற்றுள் நான் முதன்முதலாக வாசித்தது அதுவே.