சீறியாழும் சிறுவண்டியும்



பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் பாணரைக் குறித்தன இரண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. சீறியாழ் இசைப்போர் சிறுபாணர் என்றும், பேரியாழ் இசைப்போர் பெரும்பாணர் என்றும் விளக்கம் கூறுவர். யாழின் அளவைக் கொண்டே ஒரு குழுவினர்க்குப் பெயர் அமைந்தது என்றால், கருவியின் அளவு பண்டே எண்ணிப் பார்க்கப்பட்ட பொருள் என்பது விளங்கும். வழியையே வாழ்க்கையாகக் கொண்ட பாணனுக்குத் தூக்கி நடக்க இயலும் கருவியே உற்ற கருவி. சீறியாழ் சிறிது என்பதற்காக அதனை எவரும் இகழ்ந்ததில்லை.

அந்த வழியும் இசையும் இன்று விலைக்கு வாங்கும் இரண்டு பொருள்களாகி வீட்டிற்கு வந்துள்ளன. ஒன்று வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள். மற்றது கூடத்தில் வீற்றிருக்கும் இசைச்சாதனம். ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்விரண்டையும் வாங்கும்போது நேரும் பிழை ஒன்றே. வாங்குவோர் தம் தேவையை அளப்பதில்லை. பொருளின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அளக்கின்றனர். வண்டியில் அந்த எண் சி.சி. எனப்படுகிறது. இசைச்சாதனத்தில் அது வாட் எனப்படுகிறது. இரண்டும் பெருகினால் இன்பமும் அதே அளவில் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. இயற்கையின் கணக்கு வேறாக இருக்கிறது.

முதலில் வண்டியைக் காண்போம். சிறிய வண்டிகளின் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது ஜப்பானில் 1958 ஆகஸ்டில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். நிறுவனத்தின் பொறியியலைச் சோய்ச்சிரோ ஹோண்டாவும் வணிகத்தை டக்கேயோ ஃபுஜிசாவாவும் கவனித்து வந்தனர். இருவரும் 1956-இல் ஐரோப்பா சென்று அங்கு ஓடிய மொபெட்டுகளைக் கண்டு திரும்பினர். அவற்றைப் பார்த்து அப்படியே செய்துவிடவில்லை. தம் நாட்டுச் சாலையையும் தம் நாட்டுக் கடைத்தெருவையும் எண்ணிப் பார்த்தனர். சோபா என்னும் நூடுல்ஸ் உணவைத் தட்டில் ஏந்திச் செல்லும் கடைப்பையன் ஒரு கையாலேயே ஓட்டத்தக்க வண்டி வேண்டும் என்பது அவர்கள் விதித்துக்கொண்ட நிபந்தனை என்பர். ஆதலின் கைக் கிளட்ச் நீங்கியது. தானே பற்றித் தானே விடும் மையவிலக்குக் கிளட்ச் வந்தது. மேடுபள்ளமான சாலையில் தடுமாறாதிருக்க 17 அங்குலச் சக்கரம் அமைந்தது. சேறு தெறிக்காதிருக்கக் காலுக்கு முன் பிளாஸ்டிக் மறைப்பு வந்தது. பாவாடை அணிந்த பெண்ணும் காலைத் தூக்காமல் ஏறி அமர நடுவே தாழ்ந்த சட்டம் வந்தது. இத்தனைக்கும் எஞ்சின் 49 சி.சி. மட்டுமே, திறன் 4.5 குதிரைத்திறன். இந்த வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017-இல் 10 கோடியை எட்டியது. புகை விதிகள் இறுகியதால் 50 சி.சி. வகையின் உற்பத்தி 2025-இல் நின்றது என்றாலும், சற்றே பெரிய எஞ்சினுடன் அதே வடிவம் தொடர்கிறது. ஒரு பையனின் கையில் இருந்த தட்டு, உலகின் சாலைகளுக்கு ஒரு வடிவம் தந்தது எனலாம்.

தமிழ் நிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50. இருவர் அமர்ந்து செல்லும் மொபெட்டாக 1980-இல் அது வந்தது. மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே நின்ற அவ்வண்டி, மிதிகட்டையை விடாமல் எஞ்சினைச் சேர்த்துக்கொண்டது. பால்காரரின் கேன், பூக்காரரின் கூடை, வாழைத்தார், தீவனமூட்டை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் என்று அது சுமக்காத பொருள் இல்லை. பழுது நேர்ந்தால் தெருமுனைப் பட்டறையில் சில திருகுகளைக் கழற்றிச் சீர்செய்துவிடலாம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100 என்னும் நான்கு வீச்சு வண்டி 2015-இல் வெளிவந்தது. சிற்றூர்ச் சந்தைக்குச் செல்லும் எவரும் அதன் பயனைக் கண்ணால் காணலாம்.

உழைப்புக்கு மட்டுமே சிறுவண்டி, உவகைக்குப் பெருவண்டி என்று சிலர் வாதிடுவர். அதற்கு மறுமொழி யமஹா ஆர்.எக்ஸ். 100. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை உருவான அந்த வண்டியின் எஞ்சின் 98 சி.சி.; திறன் 11 குதிரைத்திறன்; எடை ஏறத்தாழ 100 கிலோ. இரண்டு வீச்சு எஞ்சினாதலின் சுழலுக்கு ஒரு முறை வெடிப்பு நிகழும். நான்கு வீச்சில் இரண்டு சுழலுக்கு ஒரு முறையே நிகழும். எடை குறைவு, வெடிப்பு மிகுதி என்னும் இரண்டும் கூடியதால் திருகியவுடன் பாய்ந்தது. நின்றுபோய்ப் பல்லாண்டுகள் கழிந்தும் ஆர்வலர்கள் அதனைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கின்றனர். அந்த உவகை எஞ்சினின் பருமனால் வந்ததன்று. திறனுக்கும் எடைக்கும் இடையே இருந்த பொருத்தத்தால் வந்தது.

இனி இயற்கையின் கணக்கு. ஓடும் வண்டியைக் காற்று எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் வளரும். அதனை வெல்லத் தேவையான திறனோ மும்மடி விகிதத்தில் வளரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 75-ஐத் தொட, காற்றை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ இருமடங்குத் திறன் வேண்டும். 50-இலிருந்து 100-க்கு ஏற எட்டு மடங்கு வேண்டும். நகரத் தெருவில் நாள் முழுதும் 40-க்குள் ஓடும் ஒருவர் பெருவண்டிக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி, அவர் ஒருநாளும் சந்திக்காத காற்றுக்குக் கொடுக்கும் பணமே ஆகும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு தொலைவு செல்பவர்க்கு 50 சி.சி. வண்டி துணையாகாது. விரைந்து விலகும் ஆற்றலும் உறுதியான பிரேக்கும் அங்கே உயிர்காப்பன. சிறியது எங்கும் சிறந்தது என்று கூறினால் அதுவும் எண்ணுக்கு அடிமைப்படுவதே. குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. செய்யும் வினையின் வலியையும் தன் வலியையும் ஒருங்கே அறிவதையே அது கூறுகிறது. வண்டி வாங்குவதற்கும் அவ்வளவே இலக்கணம்.

அடுத்தது இசைச்சாதனம். இங்கே எண்ணின் மயக்கம் இன்னும் மிகுதி. காரணம், வேகத்தைக் காட்ட வண்டியில் ஒரு முள் இருக்கிறது. இசையின் தரத்தைக் காட்ட எந்த முள்ளும் இல்லை. 1990-களில் கைக்கு அடக்கமான டேப் ரிக்கார்டர்கள் மீதும் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டனர். அந்தப் பெட்டியின் பின்புறத்தில், அது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் சில பத்து வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பத்துப்படி வாங்கி ஆயிரம்படி அளக்கும் களஞ்சியம் உலகில் இல்லை. இத்தகைய மிகைக்கூற்றுகள் அமெரிக்காவில் முன்னரே பெருகியதால், ஆம்ப்ளிபயரின் திறனை எவ்வாறு அளந்து அறிவிக்க வேண்டும் என்று அங்குள்ள வணிக ஆணையம் 1974-இல் விதி வகுத்தது.

மெய்யான வாட் எண்ணும் மயக்கம் தரவல்லதே. செவி ஒலியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை. திறனை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். கூர்ந்து கேட்டால் சற்றே கூடியதாகத் தெரியும். ஒலி இருமடங்காகிவிட்டது என்று செவி உணர வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்கு வேண்டும். 50 வாட்டை விட்டு 100 வாட்டை வாங்குபவர் இருமடங்கு ஓசையை எதிர்பார்த்து மிகச் சிறிய ஏற்றத்தையே பெறுகிறார். வண்டிக்குக் காற்று விதித்த தண்டத்தைப் போன்ற ஒன்றை இங்கே செவி விதிக்கிறது. சிறிய கூடத்தில் அமைதியாகக் கேட்கும் இசைக்குப் பெரும்பொழுதும் ஒரு வாட் அளவே செலவாகிறது. எஞ்சியது, மிருதங்கத்தின் ஓர் அடி திடுமென விழும்போது கலங்காமல் தாங்குவதற்கான சேமிப்பு.

இந்த உண்மையை உணர்ந்து செய்த கருவி 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்னும் ஆம்ப்ளிபயர். எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த அதன் அறிவிக்கப்பட்ட திறன் 20 வாட். விலை குறைவு, தோற்றமும் கண்ணைப் பறிப்பதன்று. ஆயினும் நொடிப்பொழுதுக்கு எழும் உரத்த ஒலிகளை அறிவித்த அளவினும் மிகுதியாகத் தாங்கும்படியும், கடினமான ஸ்பீக்கர்களை இயக்கும்படியும் அது அமைந்தது. முகப்பு அழகுக்குச் செலவிடாமல் உள்ளுறுப்புக்குச் செலவிட்டதால் அது உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் விற்றது.

ஸ்பீக்கர்களில் அதற்கு இணையானது பி.பி.சி.யின் எல்.எஸ். 3/5ஏ. நிலையத்துக்கு வெளியே ஒலிப்பதிவு செய்யும் வண்டிகளில் இடம் குறைவு. அங்கே அமர்ந்து கேட்டுத் தரம் பார்ப்பதற்காகப் பி.பி.சி. பொறியாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் அதனை உருவாக்கினர். உயரம் 30 சென்டிமீட்டர். அகலம் 19 சென்டிமீட்டர். தடித்த கீழ்சுரம் அதனிடம் கிடையாது, உரக்கவும் முழங்காது. மனிதக்குரலை மனிதக்குரலாகத் தருவதில் அது பெரும்பெயர் பெற்றது. செய்தியும் நாடகமும் உரையும் ஒலிபரப்பும் நிறுவனத்துக்கு முதலில் வேண்டியது அதுவே. உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் அதனைச் செய்து விற்றன. அதன் உறுப்புகள் 1998-இல் நின்றுபோன பின்னரும் அதனைப் போற்றுவோர் குறையவில்லை.

குரல் என்னும் இந்த அளவுகோல் கவிஞர்களுக்கு உரியது. கடையில் ஸ்பீக்கரைக் காட்டும் விற்பனையாளர் வழக்கமாகப் பெருமுழக்கம் நிறைந்த பாட்டையே ஒலிக்கவிடுவார். நெஞ்சில் வந்து மோதும் அதிர்வில் குறைகள் மறைந்துவிடும். வாங்குபவர் தாம் நன்கறிந்த ஒரு குரலைப் பதிவுசெய்து உடன்கொண்டு செல்வது நன்று. லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே ஒலிக்கின்றனவா, ரகரமும் றகரமும் பிரிகின்றனவா, குறிலும் நெடிலும் தத்தம் மாத்திரையில் நிற்கின்றனவா, சகரம் சீறாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இத்தனை நுண்ணிய வேறுபாடுகளை நாள்தோறும் கேட்டுப் பழகிய செவியைக் காட்டிலும் சிறந்த சோதனைக்கருவி கடைத்தெருவில் விற்பதில்லை. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலிமட்டத்தில் கேட்பதும் இன்றியமையாதது. சற்றே உரக்க ஒலிப்பதைச் செவி சிறந்ததென்று மயங்கும். கடைக்காரர் அதை அறிவார்.

வாங்கிய பின்னும் ஒரு கருவி எஞ்சியிருக்கிறது. அதுதான் அறை. சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் ஒலியை உமிழ்ந்து எதிரொலியால் சொல்லைக் குலைக்கும். மூலையில் வைத்த ஸ்பீக்கரின் கீழ்சுரம் வீங்கும். இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரிலிருந்து சற்று விலக்கி, உட்கார்ந்தவரின் செவி உயரத்தில், கேட்பவரோடு முக்கோணம் அமையுமாறு நிறுத்தல் வேண்டும். தரையில் ஒரு ஜமக்காளமும் சன்னலுக்கு ஒரு திரையும் சுவரோரம் புத்தக அடுக்கும் இருந்தால் பாதிக் குறை நீங்கும். கவிஞர் வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமிராது. ஆதலின் விலையுயர்ந்த கம்பிகளுக்குச் செலவிடுமுன் அலமாரியை நகர்த்திப் பார்ப்பது சிக்கனம்.

இங்கும் எல்லை உண்டு. நாதசுரமும் தவிலும் கோயில் திருவீதிக்கென வளர்ந்த ஒலிகள். அவற்றைத் தம் முழு உருவில் தர 30 சென்டிமீட்டர்ப் பெட்டியால் இயலாது. மண்டபத்துக்கும் திருமணக்கூடத்துக்கும் பெரிய ஸ்பீக்கர்களே வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அவற்றைக் கொண்டு வைப்பது, சந்தைக்குச் செல்ல லாரி வாங்குவதை ஒக்கும்.

இரண்டிலும் வாங்குமுன் கேட்க வேண்டியவை சில. நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, என்ன சுமை? இரு காலும் தரையில் ஊன்றுகின்றனவா? உதிரிப்பாகம் ஊரிலேயே கிடைக்குமா? இசைக்கும் அவ்வாறே: எந்த அறை, எத்தனை பேர், எவ்வகை இசை? பழைய பொருளாயின் வண்டியில் செயினையும் கார்பரேட்டரையும் பார்ப்பது போல, ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் உதிர்ந்திருக்கிறதா என்றும் டேப் ரிக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவை பணத்தைக் காப்பதற்கான யோசனைகள் மட்டும் ஆகா. எண்ணைத் துரத்தும் ஆர்வலர் காலப்போக்கில் பாட்டைக் கேட்பதில்லை; சாதனத்தையே கேட்கிறார். பாடகரின் மூச்சு நின்ற இடத்தில் பொருள் தேடாமல், ஸ்பீக்கரின் குறை தேடுகிறார். வண்டியை நேசிப்பவரும் கறை படியுமென்று அஞ்சி மழையில் அதனை வெளியே எடுப்பதில்லை. தவணை கட்டுவதற்கே பொழுது போகிறது. பயணத்துக்கும் பாட்டுக்கும் பொழுது எஞ்சுவதில்லை. வழியும் இசையும் வேண்டித் தொடங்கிய வேட்கை இரண்டையும் இழந்து நிற்பது உண்மையான இழப்பு. ஒன்றேமுக்கால் அடியில் உலகை அடக்கிய நூலைப் போற்றும் அவைக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்துச் சம்பளமோ சேமிப்போ கைக்கு வரும் நாளில், வாங்கவிருக்கும் பொருளின் எண்ணை எழுதுமுன் போகவிருக்கும் வழியையும் கேட்கவிருக்கும் குரலையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நலம். பெரும்பாலும் அந்தத் தாள் சிறிய பொருளையே கேட்கும். பெரியதைக் கேட்டாலும் தயங்காமல் வாங்கலாம். அது அளந்து கேட்டது.

இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவுக்கு நல்வாழ்த்து.