கண்டி மாநகரில் எங்கே தங்குவது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்டிப் பெரஹரா காணச் செல்வோர் நம் பட்டிப்பொலையிலும் உளர். புறப்படுமுன், "எப்படிப் போவது? எவ்வளவு செலவாகும்?" என்று விசாரிக்கிறோம். "எந்தப் பகுதியில் தங்குவது?" என்று விசாரிப்போர் அரியர். நடைபாதையிலே இரவைக் கழித்துவிட்டு விடிந்ததும் திரும்பினால் போதும் என்பதே பலருடைய எண்ணம். இச்சிறு கேள்வியைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்.

நம் பெரியோர் பலருக்குக் கண்டி எதனால் அறிமுகமாயிற்று? 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், கடவுச்சீட்டு வேண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்திலே காத்து நின்றதனால் அறிமுகமாயிற்று. நோயாளியை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியதனால் அறிமுகமாயிற்று. காரியம் முடிந்தது, திரும்பினோம். அந்நகரிலே விருந்தினராக ஓரிரவு தங்கலாம் என்ற நினைவே எழவில்லை.

ஆயினும், அந்நகரின் சரித்திரத்தில் தென்னாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் பங்குண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் நாயக்கர் மரபினர். கண்டி வாவியை அமைத்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அவர்களுள் கடைசி மன்னன். வேலூரிலே சிறையிருந்து 1832 இல் உயிர் நீத்தான். அரச உறவினர் குடியிருந்த தெருவே பின்னர் மலபார் வீதி எனப் பெயர் பெற்றது. 1988 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அந்நகரிலே நாம் ஒதுங்கி நிற்க வேண்டிய காரணம் யாது?

இனி, தங்குமிடத்திற்கு வருவோம். "எந்த இடம் அழகானது?" என்பதை முதற் கேள்வியாகக் கொள்ளலாகாது. "யார் யார் போகிறோம்? எதைப் பார்க்கப் போகிறோம்?" என்பதே முதற் கேள்வி.

தலதா வீதியும் அதையடுத்த தெருக்களும் நகரின் நடுப்பகுதி. தலதா மாளிகை, நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள், கொட்டுகொடல்ல வீதியிலுள்ள கதிர்காமத் தேவாலயம் யாவும் நடைதூரத்தில் உள்ளன. பெரஹரா முடிந்து நள்ளிரவில் வாகனம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்களில் வாடகை ஏறிவிடும், சந்தடியும் மிகுதி.

வாவிக்குத் தெற்கே, ராஜபிஹில்ல மாவத்தையும் சரணங்கர வீதியும் மேட்டுப் பகுதிகள். காட்சி இனியது, காற்று குளிர்ந்தது. ஆறாயிரம் அடிக்கு மேலே வாழும் நமக்குக் குளிர்காற்றைக் காசு கொடுத்து வாங்கும் அவசியமில்லை! முழங்கால் வலியுள்ள பாட்டிமாருக்கு அந்த ஏற்றம் ஆகாது. ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலியைக் கூட்டிப் பாருங்கள். மலிவான அறை மலிவாயிராது.

புகையிரத நிலையத்தையும் மத்திய சந்தையையும் அண்டிய பகுதி ஆஸ்பத்திரிக் காரியமாகப் போவோர்க்கு ஏற்றது. இளம் பெண்களும் குழந்தைகளும் உடன் வந்தால், அங்கே விடுதியை நன்கு விசாரித்தே அமர்த்த வேண்டும்.

பேராதனை வீதியிலுள்ள கட்டுக்கலையே நம் போன்ற குழுவினர்க்கு உகந்தது என்பது என் தாழ்மையான கருத்து. ஸ்ரீ செல்வ விநாயகர் ஆலயம் அங்கே உள்ளது. காலையில் பிள்ளையாரை வணங்கிப் புறப்படலாம். நகர நடுவுக்கு நடந்தே போகலாம். தமிழில் வழி கேட்கவும் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஊர் பார்க்கப் போகிறவர்களிடம், "அந்தப் பக்கம் போகாதீர்கள், அது நல்ல இடமல்ல" என்று சிலர் சொல்வதுண்டு. நகரின் வடபால் உள்ள மஹய்யாவையைப் பற்றியும் அப்படிச் சொல்வோர் உளர். அங்கே வாழ்வோர் யார்? நகரைத் துப்புரவாக வைத்திருக்க இந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியார் அவர்களிலே பலர். நம் பாட்டனார் கொழுந்துக்கும் கோப்பிக்கும் வந்தனர். அவர்கள் பாட்டனார் தெருக்கூட்ட வந்தனர். லயத்தையும் அவ்வாறே தூரத்தில் நின்று பழிப்பவர் இல்லையா? பத்திரத்தைக் கருதி விசாரிப்பது விவேகம். பிறப்பையும் தொழிலையும் வைத்து ஒரு பகுதியை விலக்குவது விவேகமன்று. அங்கே உறவினர் இருப்பின், ஒரு வேளையாவது அவர் வீட்டிலே உண்டு வாருங்கள்.

இளைஞர்களுக்குச் சில யோசனைகள். பெரஹராவின் முதல் ஐந்து இரவுகள் கும்பல், பின் ஐந்து இரவுகள் ரந்தோலி. ரந்தோலியின்போது சனநெருக்கம் மிகுதி. முதியோரை அழைத்துச் செல்வதாயின் கும்பல் நாட்களே நலம். அறையைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். வாடகையை எழுத்தில் வாங்குங்கள். வாயிற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்க மறவாதீர்கள். இன்றேல், பெரஹரா பார்த்துவிட்டு வெளியே நிற்க நேரிடும்!

தங்கும் தெருவைப் பொறுத்தே நாம் காணும் நகரமும் அமையும். இவ்வாண்டு நம் சங்கத்தார், பெரியோரை முன்னிட்டு, ஓரிரவேனும் கண்டியிலே முறையாகத் தங்கி வருவோமாக. வரிசையிலே நின்று களைத்த கால்கள், அதே நகரிலே ஒரு நல்ல கட்டிலில் இளைப்பாறட்டும்.