உயிரணுவின் துப்புரவும் நம் பிள்ளைகளின் கல்வியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் வரலாற்றைப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். அதனை நம்மினும் நன்கறிந்தோர் முன்னரே பேசிவிட்டனர். ஆகவே ஒரு வகுப்பறையில் தொடங்கி ஓர் ஆய்வுக்கூடம்வரை செல்லும் செய்தி ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம், அறிவியலாளர் அல்லோம். இங்குக் கூறப்போகும் அறிவியலை நம் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டுக் கற்றோம். மாணவரிடம் ஆசிரியர் கற்பது இழுக்கன்று. அதுவே ஆசிரியப் பணியின் பயன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் ஒன்பதாம் வகுப்பிற்கு நாமே சென்றோம். உயிரணுவைப் பற்றிய பாடம். லைசோசோம் என்னும் நுண்ணுறுப்பு உயிரணுவின் கழிவுகளை அகற்றும் துப்புரவாளர் போன்றது என்று விளக்கினோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஒரு மாணவன் நம் தெருப் பையன் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேறு சிலரும் சிரித்தனர். அப்பையனின் தந்தையார் துப்புரவுப் பணியாளர். சிரித்தவர்களைக் கண்டித்தோம். ஆனால் தலை கவிழ்ந்திருந்த அப்பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் விடை ஏதும் இல்லை.

அவன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். ஆயினும் பதினொன்றாம் வகுப்பில் சேர வந்தபோது, “அறிவியல் பிரிவு வேண்டாம் ஐயா” என்றான். காரணம் கேட்டோம்; நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பாடம் மறுபடியும் வரும் ஐயா” என்றான். அந்தச் சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

நம் பழைய மாணவி ஒருத்தி ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். அவள் ஊருக்கு வந்திருந்தபோது இதனைக் கூறினோம். அடுத்த நாள் அவள் விரல் நுனி அளவுள்ள ஒரு வெற்றுக் குப்பியைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தாள். “லைசோசோமுக்குள் வேலை செய்யும் மனித நொதி ஒன்று இதில் இருந்தது ஐயா. பெயர் கதெப்சின் பி. மொத்தமே பத்து மைக்ரோகிராம்” என்றாள். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! எடைக்கு எடை பார்த்தால் தங்கத்தைவிடப் பன்மடங்கு விலை. அந்தப் பையனையும் அழைத்து உட்காரவைத்துக்கொண்டு, அவள் சொன்னவற்றைக் கேட்டோம்.

லைசோசோம் கண்டறியப்பட்ட கதையே சுவையானது. பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1949-இல் எலியின் ஈரலை அரைத்து, இன்சுலின் செயற்படும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் ஒரு நொதியின் செயல், எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இருந்தது. அதே சாற்றைக் குளிர்ப்பெட்டியில் ஐந்து நாள் வைத்திருந்து மீண்டும் அளந்தார். நொதி முழு வலிமையுடன் தோன்றியது. கணக்கில் பிழை என்று அவர் தள்ளிவிடவில்லை. நொதி ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை சிதைந்ததும் வெளிவந்தது என உய்த்துணர்ந்தார். 1955-இல் அப்பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1974-இல் ஆல்பர்ட் கிளாடு, ஜார்ஜ் பலாடி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தப் பைக்குள் நடைபெறுவது வெறும் கழிவகற்றல் அன்று. தேய்ந்துபோன புரதங்களும் வெளியிலிருந்து வரும் நுண்கிருமிகளும் அங்கே வெட்டப்படுகின்றன. வெட்டிய துண்டுகள் அமினோ அமிலங்களாகி, புதிய புரதங்களைக் கட்ட மீண்டும் பயன்படுகின்றன. பழைய வீட்டைப் பிரித்து, அதன் செங்கல்லைக் கொண்டே புதுவீடு கட்டும் கொத்தனாரின் வேலை அது. அவ்வேலை நின்றுபோனால் என்ன ஆகும்? லைசோசோமிலுள்ள டிரைபெப்டிடைல் பெப்டிடேஸ் என்னும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. இரண்டு முதல் நான்கு வயதிற்குள் வலிப்புத் தொடங்கும். பின்னர்ப் பேச்சும் நடையும் பார்வையும் ஒவ்வொன்றாக நீங்கும். அந்த நொதியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி மூளை நீரில் செலுத்தும் மருத்துவத்திற்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. துப்புரவு நின்றால் மூளையே வாழாது என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கதெப்சின் என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. செரிக்கச் செய்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை 1929-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டரும் அவருடைய உடனாய்வாளர் ஒய்கன் பாமனும் வழங்கினர். வில்ஸ்டேட்டர் யூதர், பச்சையம் முதலிய தாவர நிறமிகள் பற்றிய ஆய்விற்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றவர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் தகுதி வாய்ந்த ஓர் அறிஞர், யூதராய்ப் பிறந்த காரணத்தால் ஒதுக்கப்பட்டபோது, 1924-இல் தம் பேராசிரியர் பதவியையே துறந்தார். பின்னரும் அறிவைத் துறக்கவில்லை. தொலைபேசி வாயிலாக உதவியாளருக்கு வழிகாட்டி ஆய்வைத் தொடர்ந்தார். 1939-இல் நாஜிகளிடமிருந்து தப்பிச் சுவிட்சர்லாந்து சென்று, 1942-இல் அங்கேயே காலமானார். பிறப்பைக் காட்டிப் பிறரை ஒதுக்கியதைப் பொறாத ஒருவரே இந்த நொதிக்குப் பெயர் வைத்தவர் என்று கேட்டபோது, வரலாறு படித்த நமக்கு மெய் சிலிர்த்தது.

இனி, அந்தக் குப்பிக்கு வருவோம். முற்காலத்தில் இத்தகைய நொதியை மாட்டின் மண்ணீரலிலிருந்தும், இறந்தோரின் ஈரலிலிருந்தும் பாடுபட்டுப் பிரித்தெடுத்தனர். இன்று அவ்வாறன்று. கதெப்சின் பி நொதிக்குரிய மனித மரபணுவை எலியின் உயிரணுக்களில் செலுத்தி வளர்க்கின்றனர். அந்த எலி உயிரணு மனித மரபணுவைப் பிழையின்றிப் படித்து, மனித நொதியையே ஆக்கித் தருகிறது.

எவ்வாறு இயலும்? உயிரின் எழுத்து ஒன்றே என்பதால் இயலும். எழுத்து நான்கு, மூன்று மூன்றாகச் சேர்ந்து 64 சொற்கள். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். சிறு விலக்குகள் நீங்கலாக, புல்லுக்கும் பாக்டீரியாவுக்கும் மனிதனுக்கும் இதே அகராதிதான். இந்த அகராதியைத் தெளிவித்தமைக்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த பஞ்சாபிச் சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றே.

கதெப்சின் பி 339 அமினோ அமிலங்களின் தொடராகப் பிறக்கிறது. தொடக்கத்தில் அது எதனையும் வெட்டாது; 62 அமினோ அமிலங்களாலான ஒரு பகுதி, வாளை மூடும் உறைபோல அதன் வெட்டுவாயை மூடியிருக்கும். லைசோசோமின் அமிலச் சூழலை அடைந்த பின்னரே உறை கழலும். ஆய்வுக்கூடத்திலும் அமிலக் கரைசலில் இட்டே அதனை எழுப்புகின்றனர். பின்னர், வெட்டுப்பட்டால் ஒளிரும் சாயம் பிணைத்த சிறு புரதத்துண்டை அதனிடம் கொடுக்கின்றனர். ஒளி பெருகும் விரைவே நொதியின் விரைவு. ஏதேனும் ஒரு மருந்துப்பொருளைச் சேர்த்ததும் ஒளி குன்றினால், அப்பொருள் நொதியைத் தடுக்கிறது என்று அறியலாம்.

தடுப்பதேன் என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல வினா! புற்றுக்கட்டிகள் பலவற்றில் இந்நொதி அளவு மீறிச் சுரந்து வெளியே கசிந்து, அண்டைத் திசுக்களை அரித்து நோய் பரவ வழிசெய்கிறது. எபோலா வைரஸ் நம் உயிரணுவுக்குள் நுழைவதற்கு இந்நொதியையே தன் கருவியாக்கிக்கொள்கிறது என 2005-இல் கண்டறிந்தனர். ஆகவே இதனை அளக்கவும் அடக்கவும் கற்பது மருத்துவத்தின் தேவை. குப்பியில் உள்ளது மருந்தன்று. மருந்தைத் தேடுவோர் கையிலுள்ள கருவி.

இளைஞர்களே! இச்செய்தியிலிருந்து நாம் தவறான பாடம் கற்றுவிடக் கூடாது. “துப்புரவும் உயர்ந்த தொழிலே, ஆகவே அதனையே செய்துகொண்டிருங்கள்” என்று சொல்வோர் உண்டு. அது நம் சொல் அன்று. லைசோசோமுக்குச் செல்ல வேண்டிய நொதிமீது ஒரு சர்க்கரை முத்திரை குத்தப்படுகிறது. அந்த முத்திரைப்படியே அது பொதுவாக அங்கு அனுப்பப்படுகிறது. மனிதன் நொதி அல்லன். எந்தக் குழந்தையின் உடலிலும் அத்தகைய முத்திரை இல்லை. இருப்பதாகச் சொல்பவன் பொய் சொல்கிறான். ஒரு மனிதனின் மரபணுவை எலியின் உயிரணு படிக்கும்போது, அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அந்த எலிக்குத் தெரிந்த உண்மை சில மனிதருக்கு இன்னும் தெரியவில்லை!

அன்று அப்பையன் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இதை நானும் செய்யலாமா அக்கா?” என்று கேட்டான். “முதலில் அறிவியல் பிரிவில் சேர்” என்றாள் அவள். சேர்ந்தான், இன்று பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான்.

பெற்றோருக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் கடினம், ஆங்கிலம் வராது, செலவு மிகும் என்று சொல்லி நம் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துவராதீர்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டில் இச்சங்கம் ஒரு வேலை செய்யட்டும்: பத்தாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளை ஒவ்வொருவரையும், பள்ளியில் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில், நம்மவர் ஒருவர் உடன் சென்று சேர்த்துவிட வேண்டும். எந்தச் சிரிப்புக்கும் அஞ்சி எந்தப் பிள்ளையும் கதவருகே நின்றுவிடக் கூடாது.